தேங்காய் எண்ணெயும் ஒரு கட்டி வெல்லமும்

பிப்ரவரி 9, ஞாயிறு

டாக்டரம்மா எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். தேனி ஆஸ்பத்திரியில் என் இரண்டு கையையும் நீட்டச் சொல்லி, அதன்மேல் ஒரு தாளை வைத்துப் பார்த்தார். காற்றே இல்லாத அறையில் தாள் படபடவென்று ஆடியது. "தினம் உடம்பு எப்படி இருக்குன்னு எழுதி வைங்க. வாயால கேட்டா நீங்க எல்லாத்துக்கும் 'நல்லாருக்கு'ம்பீங்க" என்றார். என்னை ஒரே நாளில் புரிந்துகொண்ட மனுஷி.

நோட்டு வாங்கவில்லை. பூச்சி மருந்துக் கடையில் வருடா வருடம் சும்மா கொடுக்கிற டைரி சும்மாதானே கிடக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் அடியில் ‘பூச்சிக்குப் பகை, உழவருக்கு உறவு’ என்று அச்சடித்திருக்கிறார்கள். இருக்கட்டும்.

பெயர் ராசாங்கம். ஊர் சுருளிப்பட்டி. ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சை. திராட்சைக்குப் பந்தல் தலைக்கு மேலே இருக்கும். அண்ணாந்துதான் மருந்து அடிக்க வேண்டும். அடிக்கிற மருந்தில் பாதி இலைக்கு, பாதி நமக்கு. இருபது வருடமாக அப்படித்தான் அடித்தேன். போன மாதம் கவாத்து வெட்டிவிட்டு வரும்போது வரப்பிலேயே விழுந்துவிட்டேன். வாயில் எச்சில் வழிந்ததாம், கண் செருகிப்போச்சாம். பவுன்தாய்தான் ஆட்டோ பிடித்துத் தூக்கிக்கொண்டு போனாள். அவள் என் மனைவி. நான் பவுனு என்று கூப்பிடுவேன்.

பூச்சி மருந்தால் ரத்தத்தில் ஏதோ ஒன்று குறைந்துவிட்டதாம். அது ஏறுகிறவரைக்கும் பந்தலுக்குள் காலே வைக்கக் கூடாதாம். கோடை முடியட்டும் பார்க்கலாம் என்கிறார். கவாத்து வெட்டிய கொடியை விட்டுவிட்டு வீட்டில் உட்காரச் சொல்வது, பிள்ளை பெற்றவளைத் தொட்டில் பக்கம் போகாதே என்பது மாதிரி. சொன்னேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

பிப்ரவரி 12, புதன்

பவுனு தோட்டத்துக்குப் போகிறாள், நான் அடுப்படியில். ஊரே சிரிக்கிறது. சிரிக்கட்டும்.

இன்று பாலைத் தீய விட்டுவிட்டேன். அடுப்பில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். சட்டி கரியானதே தெரியவில்லை. மூக்கு போய் ஒரு வருடம் இருக்கும். முதலில் ஜலதோஷம் என்று நினைத்தேன். அப்புறம் பழகிப்போனது. பவுனு வந்ததும் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனைம்பாங்க. உங்களுக்குக் கருகுற வாசனைகூடத் தெரியலையே!"

"கழுதையைத்தான் கட்டிக்கிட்ட. இருபத்திரண்டு வருஷம் கழிச்சு என்ன புலம்பல்?"

சிரித்துக்கொண்டே சட்டியைத் தேய்த்தாள். பிறகு நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். கொடி எப்படி இருக்கிறது? துளிர்த்துவிட்டதாம், எல்லாக் கணுவிலும்.

பிப்ரவரி 15, சனி

தலைவலி இல்லை. கை ஆட்டம் அப்படியே. தூக்கம் சரியில்லை.

பிப்ரவரி 22, சனி

மருந்து அடிக்க சீலமுத்துவைப் பேசிவிட்டிருக்கிறோம். சின்ன வயது, நல்ல உடம்பு. வாரம் ஒன்றிரண்டு அடி, ஒரு அடி முடிய இரண்டு நாள். பவுனு பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறாள்.

சாயங்காலம் வாசலில் நின்று அவள் வருகிறாளா என்று பார்ப்பதுதான் இப்போது எனக்கு வேலை. தெருமுனையில் தலை தெரிந்ததுமே கேட்டுவிடுவேன். "கொடி எப்படி இருக்கு?" செருப்பைக் கழற்றும் முன் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் எனக்கு. இலை எவ்வளவு அகலம், எந்த வரிசை முந்துகிறது, அடிச்சாம்பல் நோய் எங்காவது தெரிகிறதா. அவளும் சளைக்காமல் சொல்கிறாள். முன்பெல்லாம் களை வெட்டுவதும் காய் பறிப்பதும்தான் அவள் வேலை. இப்போது மருந்து நுணுக்கம்கூடப் பேசுகிறாள். "மூணாவது வரிசைக்குப் போறப்ப ஹோஸ் தூண்ல மாட்டி மடங்கிருதுங்க, இழுக்கவே முடியல" என்றாள். ஆமாம், அந்தத் தூண் எப்போதும் அப்படித்தான். எனக்கு அந்தத் தூணைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

மார்ச் 4, செவ்வாய்

இந்த வீட்டில் தேங்காய் எண்ணெயை யார் குடிக்கிறார்கள்? போன வாரம் வாங்கிய பாட்டில் அடி தெரிகிறது. மகள் அபி மதுரை ஹாஸ்டலில். இருப்பது இரண்டு பேர். அதில் ஒருத்தனுக்குத் தலையில் முடியே இல்லை. கேட்டால், "உடம்பெல்லாம் காந்துது, வெயில்ல நிக்கிறேன்ல" என்கிறாள். வெல்லமும் அப்படித்தான். எறும்பு தூக்கிப் போயிற்றாம். அது எறும்பா யானையா தெரியவில்லை.

சமையல்காரன் ஆனதும் கஞ்சனாகவும் ஆகிவிட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

தேனிக்கு நான் மட்டும் போனேன். இன்று மருந்து அடிக்கிற நாள், பவுனு தோட்டத்தில் இருக்க வேண்டும் என்றுவிட்டாள்.

கை ஆட்டம் கொஞ்சம் குறைந்திருக்கிறதாம். டாக்டரம்மா கதை கேட்பது போல ஒவ்வொன்றாகக் கேட்டார். மருந்தை எதில் கலக்குவீங்க? டிரம்மில். எதால? கையால்தான், கம்பு கிடைக்காவிட்டால். முகத்துக்கு? துண்டு. அப்புறம் நானே பெருமையாகச் சொன்னேன். "அதெல்லாம் ஒண்ணும் ஏறாதும்மா. அடிக்கப் போறதுக்கு முன்னாடி கை காலு கழுத்தெல்லாம் தேங்கா எண்ணெய் தடவிக்கிருவேன். வாயில ஒரு கட்டி வெல்லத்த அடக்கிக்கிருவேன். எங்க ஊர்ல எல்லாருக்கும் நான்தான் சொல்லிக் கொடுத்தது."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "எண்ணெய் தடவினா மருந்து வழுக்கிட்டுப் போயிரும்னு நினைச்சீங்களா? அந்த மருந்துல பாதி எண்ணெயோடதான் சேரும். நீங்க தோலுக்கு வழி போட்டுக் கொடுத்திருக்கீங்க. வெல்லத்தோட சேர்த்து முழுங்கவும் செஞ்சிருக்கீங்க."

பஸ்ஸில் வரும்போது சன்னலோரம் உட்கார்ந்து யோசித்தேன். இருபது வருடம். வீட்டில் சொல்லப் போவதில்லை. பவுனு சிரித்தே என்னைக் கொன்றுவிடுவாள். எண்ணெய் தடவாமல் தோட்டத்துக்குள் போனான் என்று ஒரு ஆளை நான் திட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறேன், அதை அவள் இன்னும் மறக்கவில்லை. இனி அடிக்கப் போவது சீலமுத்துதானே. அவன் முகத்துக்குப் பவுடர் போடுகிற ஆள், எண்ணெய் தடவுகிற ஆள் இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

பூ விட்டிருக்கிறதாம். திராட்சைப் பூவைப் பூ என்று வெளியூர்க்காரன் ஒத்துக்கொள்ள மாட்டான். பச்சையாகப் பொடிப்பொடியாக இருக்கும். ஆனால் காலையில் பந்தலுக்குள் நுழைந்தால் ஒரு மென்மையான வாசனை வரும் பாருங்கள். அப்புறம் பழம் நிறம் கட்டுகிறபோது வருவது வேறு. அதற்காகத்தான் பன்னீர் என்றே பெயர் வைத்தான். கல்யாண வீட்டு வாசலில் நிற்பது மாதிரி இருக்கும். கல்யாணமான புதிதில் பவுனு அந்த வாசனைக்காகவே எனக்குச் சோறு கொண்டுவருகிறேன் என்று தோட்டத்துக்கு வருவாள். சோறு சாக்கு. வாசனையும் சாக்குதான் என்று நான் சொன்னால் வெட்கப்படுவாள்.

பொறுக்க முடியாமல் இன்று வாய்க்கால் பாலம் வரை நடந்தேன். அதற்கு மேல் போகவில்லை, டாக்டரம்மா மேல் ஆணை. அங்கிருந்து பார்த்தால் பந்தலின் மேல்முகம் பச்சைப் பாய் விரித்தது மாதிரி தெரிகிறது. ஸ்பிரேயர் இன்ஜின் ஓடுகிற சத்தம் கேட்டது. ஆள் தெரியவில்லை, இலைக்கு நடுவில் புகை மாதிரி மருந்து மட்டும் எழும்பி நகர்ந்தது. என்ன சீரான கை! விட்டு விட்டு அடிக்காமல், ஓரிடத்தில் நின்று ஊற்றாமல், நான் அடிப்பது போலவே.

சாயங்காலம் பவுனிடம் சொன்னேன். "சீலமுத்து கை நல்லாப் படிஞ்சிருச்சுடி. என்னையவே மிஞ்சிருவான் போல."

ஒரு நிமிடம் என்னையே பார்த்தாள். முகம் அப்படியே பூரித்துவிட்டது. "நெசமாவா சொல்றீங்க?" என்றாள். அவனைப் பாராட்டினால் இவளுக்கு என்னவாம்.

மார்ச் 29, சனி

பவுனு இப்போதெல்லாம் முன்னறையில் தனியாகப் படுக்கிறாள். புழுக்கமாம். தோட்டத்து மோட்டார் தொட்டியிலேயே குளித்துவிட்டு வருகிறாள், வீட்டுக்கு வந்ததும் மறுபடி ஒரு குளியல். ஈரத் தலையோடு பாயை விரித்துச் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுகிறாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தால், "போங்க, உங்களுக்கு உடம்பு ஆகாது" என்று தள்ளி நகர்கிறாள். உடம்பு தேறி வருகிற நேரத்தில் இவள் ஆறுதலாக ஒரு வார்த்தை பேசினால் போதும் எனக்கு.

எழுத வெட்கமாக இருக்கிறது, டாக்டரம்மா படிப்பார். படிக்கட்டும். எனக்கு என் பெண்டாட்டி வேண்டும்.

பின்குறிப்பு: என் முழுக்கைச் சட்டை, மருந்து அடிக்கப் போட்டுப் போவது, காணவில்லை. மூட்டை கட்டிப் போட்டுவிட்டாளாம்.

ஏப்ரல் 7, திங்கள்

ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிட்டாள். எனக்கே கண் மங்கல். "உனக்கென்னடி கேடு?" என்றேன். வெயிலாம். காபியை ஆற்றும்போது பாதி கீழே சிந்தியது. ரத்தசோகையாக இருக்கும். முருங்கைக்கீரை பறித்து வந்து கடைந்து வைத்தேன். இரண்டு வாய் தின்றுவிட்டு வைத்துவிட்டாள்.

கொடி எப்படி இருக்கு என்றேன். காய் மிளகு அளவு தாண்டிவிட்டதாம். மனசு நிறைந்தது.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. பாயசம் வைத்தேன். பவுனு வாந்தி எடுத்தாள். "இந்த வயசுல என்னடி விசேஷம்? அபிக்குத் தம்பியா?" என்று கேலி செய்தேன். வழக்கமாகத் திட்டுவாள். இன்று சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை.

என் பாயசத்தைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

மடியில் முடிந்து நாலு பழம் கொண்டுவந்தாள். பாதி பச்சை, பாதி கறுப்பு. நிறம் கட்ட ஆரம்பித்துவிட்டது! ஒன்றை வாயில் போட்டேன். புளிப்பும் துவர்ப்பும் தெரிகிறது, மற்றது ஒன்றும் தெரியவில்லை.

"வாசம் வந்துருச்சா?" என்று அவளிடம் நீட்டினேன். முகர்ந்து பார்த்தாள். மறுபடியும் முகர்ந்து பார்த்தாள்.

"இனிமேத்தான் வரும்" என்றாள்.

ஏப்ரல் 26, சனி

அபிநயாவுக்கு லீவு விட்டாகிவிட்டது. மதுரையிலிருந்து மதியமே வந்துவிட்டாள். என் சாம்பாரைத் தின்றுவிட்டு, "ஹாஸ்டலே பரவாயில்லப்பா" என்றாள். பெற்ற மகள்.

சாயங்காலம் பவுனு தோட்டத்திலிருந்து வந்தாள், ஈரத் தலையோடு. அபி ஓடிப் போய்க் கட்டிக்கொண்டாள். கட்டிய வேகத்தில் விலகினாள்.

"ம்மா! என்னம்மா இது, உன் மேல இப்படி மருந்து வாடை அடிக்குது? தலமுடியெல்லாம் நாறுது. வீடே அப்படித்தான் இருக்கு, அப்பா தோட்டத்துக்குப் போறதில்லன்னுதானே சொன்னீங்க?"

"சீலமுத்து அடிக்கையில பக்கத்துல நின்னேன்டி. வெலகு, குளிச்சிட்டு வாரேன்" என்று பவுனு உள்ளே போனாள்.

நான் வாசலில் நின்றேன். கொடி எப்படி இருக்கு என்று இன்று கேட்கவில்லை. அடுப்படிக்குப் போய் எண்ணெய் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெல்ல டப்பாவைத் திறந்து பார்த்தேன். எறும்பு ஒன்றுகூட இல்லை.

அவள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். விடிந்ததும் கேட்டுக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

விடிவதற்குள் போய்விட்டிருக்கிறாள். அபியை வண்டி ஓட்டச் சொல்லிப் பின்னால் உட்கார்ந்து போனேன். வாய்க்கால் பாலத்திலேயே இன்ஜின் சத்தம் கேட்டது. அபியை வரப்பிலேயே நிற்கச் சொன்னேன்.

மூன்றாவது வரிசை. என் முழுக்கைச் சட்டை, சேலைக்கு மேல். முகத்தில் என் துண்டு, சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அண்ணாந்து அடித்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டும் கழுத்தும் எண்ணெயில் மின்னின. கன்னத்தில் ஒரு பக்கம் புடைப்பாக இருந்தது. வெல்லத்தை அடக்கியிருக்கிறாள்.

நேராகப் போய் இன்ஜினை அணைத்தேன். அவள் திரும்பினாள். திடீரென்று அவ்வளவு அமைதி, இலையிலிருந்து மருந்து சொட்டுகிற சத்தம் கேட்டது.

"உள்ள வராதீங்க!" என்று கத்தினாள். "டாக்டர் என்ன சொன்னாரு? வெளிய போங்க!"

"சீலமுத்து எங்கடி?"

"அவன் மாசியிலேயே திருப்பூர் போயிட்டான். ரெண்டே அடி அடிச்சான்."

"வேற ஆளே கிடைக்கலையா?"

"அண்ணாந்து அடிக்க எவன் வாரான்? உங்களுக்கு ஆனதைப் பாத்து ஊர்ல ஒருத்தனும் வர மாட்டேன்ட்டான்."

"அப்ப விட்டுத் தொலைய வேண்டியதுதான! கருகினா கருகட்டும்னு விட வேண்டியதுதான!"

துண்டை அவிழ்த்தாள். "தெனமும் சாயங்காலம் வாசல்ல நின்னு கொடி எப்படி இருக்கு, கொடி எப்படி இருக்குன்னு கேட்டீங்க. செருப்பக்கூடக் கழத்த விட மாட்டீங்க. கருகிருச்சுன்னு உங்க மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்லுவேன்? நீ எப்படி இருக்கன்னு ஒருநாக் கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லிருப்பேன்."

அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன். எண்ணெயில் கை வழுக்கி வழுக்கிப் போனது. மோட்டார் தொட்டியில் சோப்புப் போட்டு நானே தேய்த்துக் கழுவினேன், சின்னப் பிள்ளைக்குக் கழுவுவது மாதிரி.

"நீங்க சொன்ன மாதிரியே எண்ணெய் தடவிக்கிட்டுத்தாங்க அடிச்சேன். ஒருநாக்கூட மறக்கல" என்றாள், என்னைச் சமாதானப்படுத்துகிறவளைப் போல.

இனி சொல்லாமல் இருக்க முடியாது. டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். எப்போது சொன்னார் என்று கேட்டாள். மார்ச்சில் என்றேன். சிரித்தே கொன்றுவிடுவாள் என்று நினைத்திருந்தேன். அவள் தொட்டித் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அபி வரப்பில் உட்கார்ந்து அழுதாள்.

ஏப்ரல் 30, புதன்

தேனி. பவுனு கையிலும் தாளை வைத்துப் பார்த்தார்கள். அவளுக்கு ரத்தத்தில் என்னைவிடக் குறைவு. இரண்டு நாள் படுக்கையில் வைத்திருந்து அனுப்பினார்கள். டாக்டரம்மா யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு பேருக்கும் ஒரே சட்டம்: பந்தலுக்குள் போகக் கூடாது.

மே 6, செவ்வாய்

கோடை மழை. கனத்த மழை. இந்த மழைக்கு மறுநாளே மருந்து அடிக்க வேண்டும், இல்லையென்றால் கொத்தோடு அழுகும். மழை விட்டதும் என் கால் தானாக வாசலுக்குப் போனது. ஆடிய காலும் பாடிய வாயும் என்பது சரிதான். திரும்பிப் பார்த்தேன். பவுனு பாயில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தேன். "நீ எப்படி இருக்க?" என்றேன்.

"கொஞ்சம் தலை வலிக்குதுங்க" என்றாள்.

நெற்றியைப் பிடித்துவிட்டேன். தூங்கிப்போனாள்.

மே 13, செவ்வாய்

வியாபாரி வந்து பந்தலைப் பார்த்துவிட்டு, வண்டியை அணைக்காமலே திரும்பிவிட்டாராம். அபி சொன்னாள். முக்கால்வாசி நோயில் வெள்ளை பூத்து வாடிவிட்டது. இந்தப் பக்கத்துக்கு அடியிலும் ‘உழவருக்கு உறவு’ என்றுதான் இருக்கிறது. கிழிக்கலாம் என்று நினைத்தேன். பின்பக்கம் எழுத வேண்டுமே.

அடுத்த வருடம் பந்தலைப் பிரித்துவிட்டுத் தென்னை வைக்கலாமா என்று கேட்டேன். "பாப்போம்" என்றாள். அவளுக்கும் அந்தப் பந்தலை விட முடியவில்லை. பாய் இரண்டும் இப்போது ஓரிடத்தில்தான் விரிக்கிறோம்.

மே 20, செவ்வாய்

அபி காலையில் தோட்டத்து ஓரமாக நடந்துவிட்டு வந்தாள். வாய்க்கால் பக்கத்து மூலைத் தூணில் மட்டும் நாலைந்து கொத்து தப்பியிருந்ததாம். வரப்பில் நின்றே ஒன்றை ஒடித்து வந்து, நன்றாகக் கழுவி எங்கள் கையில் கொடுத்துவிட்டுத் தெருவில் தோழியைப் பார்க்கப் போனாள். நன்றாகப் பழுத்த கொத்து. மேலே சாம்பல் பூத்த கறுப்பு.

பவுனு அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தாள். அடுப்படி வாசற்படியில், அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். கொத்தை என் மூக்குக்கு நேராகப் பிடித்தாள். பரீட்சை முடிவு பார்க்கிற பிள்ளை மாதிரி என் முகத்தையே பார்த்தாள்.

"வருதா?"

ஒன்றும் வரவில்லை. வெறும் காற்று. ஆனால் இவள் எனக்காகக் காப்பாற்றிய கொத்து இது. "வருது பவுனு. நல்லா வருது" என்றேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. கொத்தைத் தன் மூக்கில் வைத்து, கண்ணை மூடி நன்றாக இழுத்தாள். "ஆமாங்க" என்றாள். "கல்யாண வீட்டு வாசல்ல நிக்கிற மாதிரியே இருக்கு."

என் தோளில் சாய்ந்துகொண்டாள். நான் ஒரு பழம் ஊட்டினேன், அவள் ஒன்று ஊட்டினாள். கல்யாணமான புதிதில் சோறு கொண்டுவந்த கதையை நான் எடுத்தேன். எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தோமோ. இத்தனை மாதமாக நான் ஏங்கியது இதற்குத்தான்.

தெருவிலிருந்து அபி ஓடி வந்தாள். "என்னப்பா பண்றீங்க? பால் தீஞ்சு தெருவே நாறுது! ரெண்டு பேரும் அடுப்புப் பக்கத்துலதான உக்காந்திருக்கீங்க!"

எங்களைத் தாண்டிப் போய் அடுப்பை அணைத்தாள். நான் பவுனைப் பார்த்தேன். அவள் கையிலிருந்த கொத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பால் சட்டியை நான்தான் தேய்த்தேன். அவள் பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றினாள்.